காய்த்தோல் கொடுங்கையூர் போக வேண்டாம்: வீட்டிலேயே உரமாக்கச் சில குறிப்புகள்

கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு மாத்தூருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தூரம்தான். சென்னை மாநகராட்சியின் 1 முதல் 8 வரையுள்ள மண்டலங்களின் குப்பை பல ஆண்டுகளாக அங்கேதான் மலையாகக் குவிந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் நாற்றம், கோடையில் தீப்பிடித்தால் புகை. இரண்டையும் சுவாசிப்பது வடசென்னைதான். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை இப்போது அங்கே நடக்கிறது. அதே இடத்தில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025-ல் வடசென்னை மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள்.

எரிஉலை வேண்டாம் என்று சொல்கிற நமக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. வீட்டுக் குப்பையில் பாதியோ அதற்கு மேலோ சமையலறையிலிருந்து போவது. வெங்காயத் தோல், வாழைக்காய்ச் சீவல், கீரைத் தண்டு, டீச்சக்கை, மீன் கழிவு என்று எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் முடிந்து வண்டியில் போடுகிறோம். அது மலைக்கு அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. கிடங்கில் ஒருமுறை மூண்ட தீ லேசில் அணையாமல் எரிவதில் அந்த வாயுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே தோல் நம் வீட்டில் காற்றோட்டமாக மக்கினால் இரண்டு மூன்று மாதத்தில் உரம். மாத்தூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் சின்ன வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களும் செய்யக்கூடிய வழிகளை மட்டும் இங்கே தருகிறேன்.

1. வாளி வாங்கும் முன் சருகு சேருங்கள். உரம் போட்டுப் பார்த்தோம், நாறியது, புழு வைத்தது, விட்டுவிட்டோம் என்று சொல்கிறவர்களிடம் சருகு எவ்வளவு போட்டீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் தேவை. காய்கறித் தோலில் கரிமம் 15, 20 பங்குதான் இருக்கும். சருகில் 50 பங்குக்கு மேல் இருக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். நடைமுறையில் ஒரு கிண்ணம் கழிவு போட்டால் இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு போடுங்கள். எடை போட்டுப் பார்க்க வேண்டாம், கண் அளவே போதும். இந்த ஒரு குறிப்பை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால், கீழே உள்ளவற்றில் பாதி தேவைப்படாது.

2. சருகு எங்கே கிடைக்கும்? மாத்தூர் எம்.எம்.டி.ஏ. காலனித் தெருக்களில் வேம்பும் புங்கையும் வாதாமரமும் இருக்கின்றன. மாசி, பங்குனியில் வேம்பு இலையைக் கொட்டும்போது நாலைந்து சாக்கு நிறையச் சேர்த்துவிடுங்கள். அது வீட்டுக்குப் பல மாதம் வரும். தெரு கூட்டும் தூய்மைப் பணியாளரிடம், “அக்கா, இலையை மட்டும் தனியா ஒதுக்கி வைங்க, நான் எடுத்துக்கறேன்” என்று சொல்லிவைத்தால் அவருக்கும் சுமை குறையும். வாதா இலை தடித்தது. சாக்குக்குள்ளேயே போட்டு மிதித்து நொறுக்கிக்கொள்ளுங்கள்.

3. சருகு தீர்ந்துபோனால் தேங்காய் நார்க்கழிவு, கிழித்த செய்தித்தாள், அட்டைப்பெட்டித் துண்டு, மரத்தூள் இவற்றில் எதையாவது பயன்படுத்தலாம். நார்க்கழிவுக் கட்டி கடைகளில் கிடைக்கும். அதில் உப்பு இருக்கும் என்பதால் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்துவிட்டுக் காயவையுங்கள். மரத்தூள் வாங்கும்போது அது வெறும் மரம் அறுத்த தூள்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிளைவுட், எம்.டி.எஃப். பலகை அறுத்த தூளில் பசையும் ரசாயனமும் இருக்கும், அது வேண்டாம். பளபளப்பான வாரப்பத்திரிகைத் தாளும் வேண்டாம்.

4. ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு. புது வீடு வெள்ளையடிக்கும் இடத்தில் கேட்டால் சும்மாவே கிடைக்கும். தண்ணீரில் கரையும் எமல்ஷன் வாளியாகப் பாருங்கள், எனாமல் வாளி வேண்டாம். சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். பிறகு ஸ்க்ரூ டிரைவர் முனையை அடுப்பில் காட்டிச் சூடாக்கி, பக்கங்களில் நான்கு விரல் இடைவெளியில் சுண்டுவிரல் நுனி நுழையாத அளவுக்குத் துளை போடுங்கள். அடிப்பாகத்தில் ஏழெட்டுத் துளை. பிளாஸ்டிக் உருகும் புகை கெடுதல், ஆகவே மொட்டைமாடியிலோ வாசலிலோ வைத்துச் செய்யுங்கள். டிரில் மெஷின் இருந்தால் இன்னும் நல்லது. வாளியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு பழைய தட்டு வையுங்கள். மூடிக்குக் கீழே பழைய பருத்தித் துணியைக் கட்டினால் பழ ஈ உள்ளே போகாது. ஒரு வாளி நிறைந்ததும் அதை மூடி ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்த வாளியில் தொடங்குங்கள். இரண்டாவது நிறைவதற்குள் முதலாவது வற்றி மக்கத் தொடங்கியிருக்கும். நிறைய சமைக்கிற பெரிய குடும்பம் என்றால் மூன்றாவது வாளி ஒன்று தேவைப்படும்.

5. நம் பக்கத்துக்கு மட்டுமே உரிய ஒரு எச்சரிக்கை. மணலி, மாதவரம் சாலை ஓரங்களில் நீல நிற பழைய ட்ரம் மலிவாக விற்கும். பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் தொழிற்சாலையில் அமிலமோ கரைப்பானோ அடைத்து வந்த ட்ரம்மாக இருந்தால், எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது முழுக்கப் போகாது. அதில் செய்த உரத்தில் வளரும் கீரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்க முடியாது. ட்ரம்மில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். லேபிள் கிழிக்கப்பட்டிருந்தாலும் வாங்காதீர்கள்.

6. பழைய பேலட் கட்டையில் தொட்டி செய்ய நினைப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. துறைமுகத்தையும் கன்டெய்னர் யார்டுகளையும் சுற்றி வாழ்கிறோம், ஆகவே பேலட் இங்கே தாராளமாகக் கிடைக்கும். வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பேலட்டில் கோதுமைக் கதிர் சின்னத்தோடு ஒரு முத்திரை சுட்டிருப்பார்கள். அதில் ‘எச்.டி.’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் பூச்சி சாக வெப்பத்தில் வாட்டிய மரம், எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.பி.’ என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் புகை போட்டது. அதைத் தோட்டத்துக்கோ அடுப்புக்கோ கொண்டுவர வேண்டாம். எண்ணெய்க் கறை படிந்த கட்டையும் வேண்டாம்.

7. மண்தொட்டி பிடிக்கும் என்றால் அதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. சுட்ட மண் தானே மூச்சுவிடும், ஈரத்தைத் தானே சமன்செய்யும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மூன்றடுக்கு மண்தொட்டியை பெங்களூருவில் 2006-ல் தொடங்கிய ‘டெய்லி டம்ப்’ நிறுவனம் பலருக்கும் பழக்கியது. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் பெரிய பூந்தொட்டிக்குத் தட்டு மூடி போட்டாலும் வேலை நடக்கும்.

8. தனி வீடும் ஒரு முழம் மண்ணும் இருந்தால் குழாய் உரம். கேரளத்தின் ஆலப்புழா இதற்குப் பெயர் போன ஊர். அந்த நகரத்தின் குப்பை சர்வோதயபுரம் என்ற கிராமத்தில் கொட்டப்பட்டது. 2012-ல் கிராமத்து மக்கள் லாரிகளை மறித்து, இனி இங்கே கொட்டக்கூடாது என்று உறுதியாக நின்றார்கள். கொட்ட இடமில்லாமல்போன நகரம் வீட்டுக்கு வீடு குழாய் உரமும் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் சிறு கலன்களும் வைக்கத் தொடங்கியது. 2017-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு குப்பையை நன்றாகக் கையாளும் நகரங்களைச் சொன்னபோது ஒசாகாவோடு சேர்த்து ஆலப்புழாவையும் சொன்னது. கொடுங்கையூருக்கு அருகில் இருக்கிற நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

முறை எளிது. 8 அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாய், நான்கடிக்குச் சற்று மேல் நீளம், இரண்டு துண்டு. ஓரடி ஆழத்துக்கு மண்ணில் நட்டு, மேல் பக்கம் சில துளைகள் போட்டு மூடி வையுங்கள். அடியில் சாணக் கரைசலும் சருகும் போட்டு, தினம் கழிவும் சருகும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்று நிறைந்ததும் மற்றது. நீர் அடியில் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் மனையாக இருந்தால் குழாய் வேண்டாம், கிணற்று நீரும் கெடும். அங்கே வாளிதான் சரி.

9. முதல் நாள் செய்வது: அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு. அதன்மேல் ஒரு கைப்பிடி பழைய உரம் அல்லது தோட்டத்து மண். மாதவரம் பால்பண்ணைப் பக்கமோ உங்கள் தெருவிலோ மாடு வைத்திருப்பவர் இருந்தால் ஒரு உருண்டை சாணம் வாங்கிக் கரைத்துத் தெளியுங்கள். அதுவும் இல்லை என்றால் புளித்த மோர் அரை டம்ளர் போதும். கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடி கட்டாயம் இல்லை. பிறகு அன்றைய கழிவு, அதன்மேல் அதைப்போல் இரண்டு மடங்கு சருகு. மேலே எப்போதும் சருகுதான் தெரிய வேண்டும், தோல் தெரியக்கூடாது.

சருகு, சாணம், தழை என்று அடுக்கும் பழக்கம் நம் ஊர் எருக்குழிகளில் காலங்காலமாக இருப்பது. வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் இருந்தபோது இந்திய உழவர்களின் வழக்கத்தையும் பார்த்து, அளவும் முறையும் வகுத்து, 1931-ல் புத்தகமாக எழுதினார். உலகம் அதை ‘இந்தூர் முறை’ என்று எடுத்துக்கொண்டது. வாளியில் நாம் செய்வது அதன் சிறிய வடிவம்.

10. துண்டு சிறிதாக இருந்தால் சீக்கிரம் மக்கும். வாழைத்தண்டு நார், முட்டைக்கோஸ் அடித்தண்டு, மாங்கொட்டை, பலாச்சக்கை இவற்றை வெட்டிப் போடுங்கள். மாங்கொட்டையும் சோளக்கதிர்த் தக்கையும் முதல் சுற்றில் மக்காமல் மிஞ்சும். சலித்தெடுத்து அடுத்த வாளியில் போட்டுவிடலாம்.

11. தாராளமாகப் போடலாம்: காய், பழத் தோல்கள், கீரைக் காம்பு, சக்கையான கறிவேப்பிலை, கொத்தமல்லி வேர், டீத்தூள், காபிச் சக்கை, முளைவிட்டுக் கெட்ட உருளைக்கிழங்கு, பூச்சி வைத்த பருப்பு, சாமிக்குப் போட்டு வாடிய பூ, வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு. பூச்சரத்தில் நூலையும் ஜிகினாவையும் உருவிவிடுங்கள். பால் சேர்த்துக் கொதித்த டீச்சக்கையை ஒருமுறை தண்ணீரில் அலசிப் போட்டால் எறும்பு வராது. பழத்தில் ஒட்டிவரும் சின்ன ஸ்டிக்கரைக் கட்டாயம் பிய்த்துவிடுங்கள், கடைசிவரை மக்காமல் உரத்தில் மின்னிக்கொண்டிருக்கும்.

12. போடவே கூடாதவை: பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப், டெட்ரா பேக், டயபர், நாப்கின், சிகரெட் துண்டு, மருந்து, நோய் கண்ட செடி. நாய், பூனைக் கழிவும் வேண்டாம். ‘மக்கும் பை’ என்று அச்சடித்த கவரையும் வாளியில் போடாதீர்கள். அப்படிப்பட்ட பைகள் பெரிய உர ஆலையின் சூட்டில் மக்குவதற்கென்று செய்தவை. நம் வாளியில் அந்தச் சூடு வராது.

13. சாப்பாட்டு மிச்சம். சோறும் சாம்பாரும் பொரியலும் மக்கும், ஆனால் உப்பும் எண்ணெயும் மிகுந்தால் உரம் கெடும், நாற்றமும் எழும். ஒரு கைப்பிடி என்றால் தண்ணீரை வடித்துவிட்டு நடுவில் குழி பறித்துப் போட்டு மூடுங்கள். அதற்கு மேல் மிஞ்சுகிற வீட்டில் உரத்தைவிடச் சமையல் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊறுகாய், வடை பொரித்த எண்ணெய், கெட்டுப்போன தயிர் முழுப் பாத்திரம் இவையெல்லாம் வேண்டாம்.

14. மீன் கழிவு. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கரையோரம் வாழும் நமக்கு இதுதான் பெரிய கேள்வி. செதில், குடல், தலை ஆகியவற்றை வாளியில் போட்டால் பூனையும் பெருச்சாளியும் அன்றிரவே வரும். குப்பை வண்டியில் போட்டால் மறுநாள் வரை தெருவே நாறும். மீன் அமிலம் செய்வதுதான் நல்ல வழி. இயற்கை விவசாயிகள் தமிழ்நாடு முழுக்கச் செய்வது இது.

ஒரு கிலோ மீன் கழிவுக்கு ஒரு கிலோ நாட்டு வெல்லம். கழிவைச் சின்னதாக நறுக்கி, நீரை நன்றாக வடித்துவிடுங்கள். வெல்லத்தைத் தூளாக்கி, ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு வெல்லம் என்று அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். மேல் அடுக்கு வெல்லமாக இருக்கட்டும். டப்பாவில் கால்பங்கு காலியாக விடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், உள்ளே வாயு சேரும், வெடிக்க வாய்ப்பு உண்டு. நிழலில் வைத்து, முதல் வாரம் தினமும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வாயுவை விட்டு மூடுங்கள். மூன்று வாரம் முதல் ஒரு மாதத்துக்குள் மீன் கரைந்து தேன் நிறத்தில் திரவம் நிற்கும். சரியாக வந்திருந்தால் பழவாடை அடிக்கும். பிணவாடை அடித்தால் வெல்லம் போதவில்லை என்று அர்த்தம், இன்னும் சேர்த்து மூடிவையுங்கள். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி கலந்து மாலையில் செடிக்குத் தெளிக்கலாம், வேரில் ஊற்றலாம். அளவு கூடினால் இலை கருகும். மிஞ்சிய முள்ளை ஒரு முழ ஆழக் குழியில் புதைத்து மேலே வேப்பம் புண்ணாக்கு தூவுங்கள். இறால் தலையும் இதே டப்பாவில் போகலாம்.

15. முட்டை ஓட்டைக் கழுவி வெயிலில் காயவைத்து, மிக்சியில் அல்லது அம்மியில் பொடி செய்து போடுங்கள். முழு ஓடாகப் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். நண்டு ஓட்டையும் இடித்துப் போடலாம். ஆட்டெலும்பு, கோழியெலும்பு வேண்டாம்.

16. வாரம் இரண்டு முறை கிளறுங்கள். ஒரு குச்சியோ சின்ன மண்வெட்டியோ போதும். அடியில் இருப்பது மேலே வர வேண்டும். உள்ளே இளஞ்சூடு தெரிந்தால் வேலை நன்றாக நடக்கிறது. பெரிய குவியலில் 60 டிகிரி வரை சூடு ஏறும், 20 லிட்டர் வாளியில் அவ்வளவு ஏறாது. அதனால்தான் வீட்டு உரத்தில் தக்காளி, பூசணி விதைகள் சாகாமல் தொட்டியில் முளைக்கும். வேண்டும் என்றால் வளர்க்கலாம், இல்லாவிட்டால் பிடுங்கி மறுபடி வாளியில் போடலாம்.

17. ஈரம் பார்க்கும் முறை: ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிழியுங்கள். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு நீர் கசிந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம், சருகு சேர்த்துக் கிளறுங்கள். பிடித்தது உதிர்ந்துபோனால் காய்ந்திருக்கிறது, அரிசி களைந்த தண்ணீரைத் தெளியுங்கள். மே மாத வெயிலில் மாடியில் வைத்த வாளி சீக்கிரம் காய்ந்துவிடும். எறும்பு குடியேறினால் அது காய்ந்துவிட்டதற்கு அடையாளம்.

18. நாற்றத்தை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம். மூக்கைக் குத்தும் அம்மோனியா வாடை என்றால் பச்சைக் கழிவு அதிகம். அழுகிய முட்டை வாடை என்றால் காற்றில்லை, ஈரம் தேங்கி நிற்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: எல்லாவற்றையும் சாக்கில் கொட்டி, உலர்ந்த சருகு கலந்து, மீண்டும் வாளியில் நிரப்பி, அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று நாளில் நாற்றம் நின்றுவிடும்.

19. புழுவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழுப்பு நிறத்தில் தடித்து, வளையம் வளையமாகத் தெரியும் புழுக்கள் பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் குஞ்சுகள். கழிவைத் தின்று தீர்ப்பதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. அந்த ஈ வளர்ந்தபின் கடிக்காது, வீட்டு ஈயைப்போல் நம் சாப்பாட்டில் வந்து உட்காராது. வெள்ளையான மெலிந்த புழு நெளிந்தால் அது சாதாரண ஈ முட்டையிட்டது, கழிவு மூடப்படாமல் கிடந்திருக்கிறது. ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூளைத் தூவி, இரண்டங்குலம் சருகு மூடி, இரண்டு நாள் புதிதாக எதுவும் போடாமல் விடுங்கள்.

20. பெருச்சாளித் தொல்லை உள்ள தெருவில் வாளியைத் தரையில் வைக்காதீர்கள். மூடியின்மேல் ஒரு அரைச் செங்கல் வையுங்கள். மண்தொட்டி என்றால் வாய்க்குக் கோழிவலை கட்டுங்கள்.

21. சாம்பல் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். விறகு எரித்த சாம்பலில் சாம்பல்சத்து உண்டு, மாதம் ஒரு கைப்பிடி போடலாம். ஆனால் நம் வட்டாரத்தில் சாம்பல் என்றால் இன்னொன்றும் உண்டு. எண்ணூர்ப் பக்கத்து அனல் மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல், செங்கல் சூளைக்கும் மேடு நிரப்பவும் லாரியில் போவது. அதில் ஆர்சனிக், ஈயம் போன்ற கன உலோகங்கள் உண்டு. தோட்டத்துக்கு நல்லது என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். தொட்டிக்கு மண் எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். தொழிற்சாலைச் சுவரோரம், லாரி நிறுத்துமிடம், கால்வாய்க் கரை இங்கெல்லாம் எடுக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை படிந்ததைப் பார்த்தோம். செம்மண்ணை நர்சரியில் காசு கொடுத்து வாங்குவதே நல்லது.

22. ஐப்பசி தொடங்கும் முன் வாளியை மாடியிலிருந்து கூரைக்குக் கீழே மாற்றுங்கள். ஒரு சாக்குச் சருகை நனையாத இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். அடைமழையில் உலர்ந்த சருகு எங்கு தேடினாலும் கிடைக்காது. தெருவில் தண்ணீர் ஏறும் வீடு என்றால் வாளி மாடிப்படியின் மேல் திருப்பத்தில் இருக்கட்டும்.

23. அடித்தட்டில் வடியும் பழுப்பு நீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடிக்கு ஊற்றலாம். நாறினால் கழிவறையில் ஊற்றிவிடுங்கள். கீரைக்கு ஊற்ற வேண்டாம்.

24. எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோல் கொஞ்சமாக வாளியில் போகலாம். நிறைய சேர்ந்தால் ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்று மாதம் வையுங்கள். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விடுங்கள். வடித்த நீர் தரை துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் நன்றாக உதவும்.

25. மண்புழு வாங்க வேண்டுமா? வாளி உரத்துக்குத் தேவையில்லை. புழு வளர்க்க ஆசை இருந்தால், பாதி மக்கி சூடு ஆறிய கழிவில், நிழலில், தனித் தொட்டியில் விடுங்கள். சென்னை புதுக்கல்லூரியில் பேராசிரியராக இருந்து மண்புழு ஆய்வால் அறியப்பட்ட சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுவைத் தேடாமல் நம் மண்ணில் வாழும் புழுக்களைக் கொண்டே உரம் செய்யலாம் என்று தொடர்ந்து சொல்லிவருபவர். மழைக்குப் பின் சாணக் குவியலுக்கு அடியில் பார்த்தால் அவை கிடைக்கும். காரம், உப்பு, புளிப்பு மூன்றும் புழுவுக்கு ஆகாது.

26. உரம் தயாரா என்று பார்க்க: கறுத்து, டீத்தூள் போல் உதிர வேண்டும். எது தோல், எது தண்டு என்று அடையாளம் தெரியக்கூடாது. மண்வாசனை வர வேண்டும். வாளி நிறைந்தபின் 45 முதல் 60 நாளில் இது நடக்கும், மழைக்காலத்தில் இன்னும் சில நாள் கூடும். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடியை ஈரமாக்கிக் கவரில் கட்டி ஒரு நாள் வையுங்கள். திறந்ததும் நாறினால் இன்னும் ஆகவில்லை. ஒரு சிரட்டையில் உரத்தை நிரப்பிப் பத்து வெந்தயம் விதைத்தும் பார்க்கலாம். பச்சையாக நிமிர்ந்து வந்தால் தயார், முளை கருகினால் காத்திருங்கள். பச்சை உரம் வேரைக் கெடுக்கும்.

27. எப்படிப் போடுவது? புதுத் தொட்டிக்கு உரம், செம்மண், நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. இருக்கும் செடிக்கு மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி, தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டு மேல்மண்ணோடு கிளறி நீர் ஊற்றுங்கள். கறிவேப்பிலை, முருங்கை, புதினா, அரைக்கீரை எல்லாம் இதில் நன்றாக வரும்.

மணலியில் நம் பக்கத்திலேயே 1966-ல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் இருக்கிறது. அங்கே தயாராகும் யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. நம் வாளி உரத்தில் ஒன்று, இரண்டு விழுக்காடுதான். ஆகவே இன்று போட்டு நாளை இலை கரும்பச்சையாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாளி உரம் செய்வது வேறு வேலை. மண்ணைப் பொலபொலப்பாக்கும், நீரைப் பிடித்துவைக்கும், நுண்ணுயிரை வாழவைக்கும். ஒரு வெயில் காலம் முழுக்கத் தொட்டிச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் குறைவாகத் தேவைப்படுகிறது என்று பார்த்தால் அதன் அருமை தெரியும்.

28. செடியே இல்லாத வீடு, ஒற்றை அறை, ஷிஃப்ட் வேலை என்று எதுவும் முடியாதவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஈரக் கழிவை பிளாஸ்டிக் பையில் முடியாமல், திறந்த டப்பாவில் பச்சைத் தொட்டிக்கும், உலர்ந்ததை நீலத் தொட்டிக்கும் பிரித்துக் கொடுங்கள். வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. பிரித்த ஈரக் கழிவை மாநகராட்சி உரக்கூடங்களில் உரமாக்க முடியும். பிரிக்காததைத் தம் கையால் தூய்மைப் பணியாளர்தான் பிசைந்து பிரிக்க வேண்டியிருக்கிறது. உடைந்த கண்ணாடியும் ஊசியும் கலந்த குப்பையில் அவர் கையை விடுகிறார்.

29. நான்கைந்து வீடு உள்ள குடியிருப்பு என்றால் ஆளுக்கொரு வாளி வைக்காமல் மாடியில் பொதுவாக இரண்டு பெரிய மண்தொட்டி வையுங்கள். கிளறும் முறையை வாரம் ஒரு வீடு எடுத்துக்கொள்ளட்டும். வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லி, தொட்டிக்குக் கீழே தட்டு வைத்துக் காட்டுங்கள். மாடியில் நீர் இறங்காது என்று தெரிந்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மிஞ்சும் உரத்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடத் தோட்டத்துக்கோ தெருவோர மரத்தடிக்கோ கொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்குச் சருகும் ஒரு பழைய பெயிண்ட் வாளியும் சேர்த்துவிடுங்கள். திங்கட்கிழமை காலை நறுக்கும் காயின் தோலிலிருந்து தொடங்கலாம். உரம் வந்ததும் ஒரு பை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுங்கள், எப்படிச் செய்வது என்றும் சொல்லிக்கொடுங்கள்.